பார்னெலின் வீழ்ச்சியும் நமது தராசும்

(கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சரித்திரத்தில் பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவர் ஒருவர் வந்து, "அவருடைய சங்கதி தெரியுமா?" என்று மெல்லிய குரலில் ஆரம்பிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தக் கணத்தோடு அம்மனிதர் செய்த வேலையெல்லாம் மறந்துபோகிறது. அவர் இயற்றுவித்த சட்டம், நடத்திய போராட்டம், கிடந்த சிறை யாவும் பின்னே தள்ளப்பட்டு, அவருடைய படுக்கையறைக் கதவே சரித்திரமாகிவிடுகிறது. வேறொரு சாராரும் இருக்கின்றனர். தங்கள் தலைவரைப் பற்றி எத்துணைத் தெளிவான சான்றைக் காட்டினாலும், "பகைவரின் சூழ்ச்சி" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டு மாலை கட்டப் போய்விடுவர். முன்னவர் குப்பை கிளறுவோர். பின்னவர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவோர். இரு சாராரும் தீர்ப்பு வழங்கவில்லை. தீர்ப்பு வழங்கும் பொறுப்பிலிருந்து தப்பி ஓடுகின்றனர்.

குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு, மிகுந்தது எதுவோ அதைக் கொள்ள வேண்டும் என்பது நம் முன்னோர் நமக்குத் தந்துள்ள தராசு. நல்ல தராசுதான். ஆனால், தட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்று தெரியாதவன் கையில் எந்தத் தராசும் பொய்யே சொல்லும். அந்தத் தெளிவைத் தரக்கூடிய ஒரு மனிதரின் கதையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் சார்ள்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல். ஊர் அயர்லாந்து. அவர்மீது இரண்டு பெரும் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஒன்று முழுப்பொய், மற்றொன்று உண்மை. பொய் அவரை வீழ்த்தவில்லை, உண்மை வீழ்த்தியது. ஆயினும், அந்த உண்மைக்குள் எது குற்றம், எது குற்றமன்று என்று அன்று அயர்லாந்து மக்கள் நிதானமாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

கமக்காரர்கள் பலர் இந்தச் சபையில் இருக்கின்றீர்கள். ஆதலால், நிலத்திலிருந்தே கதையைத் தொடங்குகிறேன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அயர்லாந்துக் கமக்காரன் தான் உழுத நிலத்துக்கு உரியவன் அல்லன். நிலம் பிரபுக்களுடையது. குத்தகையை அவர்கள் விரும்பியபடி உயர்த்தலாம். கட்டமுடியாதவனைக் குடும்பத்தோடு தெருவில் இறக்கலாம். 1840களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்தபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்ட நாடு அது. 1870களின் இறுதியில் மீண்டும் விளைச்சல் பொய்த்தது. அந்த வேளையில், 1879இல், அயர்லாந்து தேசிய நிலச் சங்கம் தோன்றியது. அதைத் தோற்றுவித்த மைக்கல் டேவிற் என்பவர், சிறுவயதில் தம் குடும்பம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டதைக் கண்டவர். இங்கிலாந்துப் பஞ்சாலையொன்றில் ஒரு கையை இழந்தவர். அச்சங்கத்தின் தலைவராக அமர்ந்த பார்னெலோ தாமே ஒரு நிலப்பிரபு; கத்தோலிக்க மக்கள் நிறைந்த நாட்டில் புரட்டஸ்தாந்து மதத்தவர். 1846இல் பிறந்து, 1875இல் பாராளுமன்றம் புகுந்தவர்.

1880 செப்டெம்பரில் எனிஸ் என்னும் ஊரிற் பேசும்போது அவர் மக்களுக்கு ஒரு வழி சொன்னார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எவனாவது எடுத்தால், அவனைத் தொடவேண்டாம், அடிக்கவேண்டாம். தெருவிலும் கடையிலும் கோயிலிலும் அவனோடு பேசாது ஒதுங்கிவிடுங்கள் என்றார். அந்த ஆண்டே மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களை நிருவகித்த கப்டன் பொய்கொற் என்பவர்மீது இம்முறை பிரயோகிக்கப்பட்டது. அவருடைய பயிரை வெட்ட ஊரில் ஓர் ஆளும் வரவில்லை. வடபகுதியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது தொண்டர்களைப் படையினர் காவலோடு கொண்டுவந்து அறுவடை செய்தனர். விளைந்த பயிரின் விலையைவிட, அதைக் காத்த செலவு பன்மடங்காயிற்று. அந்த மனிதரின் பெயரே ஆங்கிலத்தில் பகிஷ்காரத்துக்குப் பெயராயிற்று. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிய சொல், மேயோ மாவட்டத்துக் கமக்காரர் உலகுக்கு வழங்கிய சொல்லே.

1881இல் குத்தகையை நியாயமாக நிர்ணயிக்க நீதிமன்றங்கள் அமைக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு பார்னெல் கில்மெய்னம் சிறைக்குப் போனார். 1885ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி 86 ஆசனங்களைப் பெற்றது. 1886இல் கிளாட்ஸ்டன் என்னும் பிரதம மந்திரி அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது 30 வாக்குகளால் தோற்றது. ஆயினும், ஒரு பெரிய ஆங்கிலக் கட்சி சுயாட்சியைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது பார்னெலின் வெற்றி. முடிசூடா மன்னன் என்று அவரை மக்கள் அழைத்தனர்.

இனி, முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். 1887 ஏப்ரில் 18ஆம் தேதி இலண்டன் டைம்ஸ் பத்திரிகை, பார்னெலின் கையொப்பம் தாங்கிய கடிதம் ஒன்றைப் படமாக வெளியிட்டது. 1882இல் டப்ளின் நகரத்துப் பூங்காவொன்றில் உயர்ந்த உத்தியோகத்தர் இருவர் குத்திக் கொல்லப்பட்டனர் அல்லவா? அந்தக் கொலையை உள்ளூர ஆதரிப்பதுபோல் அக்கடிதம் எழுதப்பட்டிருந்தது. அன்றிரவே பாராளுமன்றத்தில் அயர்லாந்துக்கு எதிரான அடக்குமுறை மசோதாமீது வாக்கெடுப்பு. கடிதம் வெளியான நாளைக் கவனியுங்கள்! "நெருப்பில்லாமல் புகையாது" என்று அன்றும் பலர் சொன்னார்கள். விசாரணைக் குழு அமைந்தது. 1889 பெப்ரவரியில் றிச்சார்ட் பிகொற் என்பவன் சாட்சிக் கூண்டில் ஏறினான். வழக்கறிஞர் சார்ள்ஸ் ரசல் அவனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்துச் சில சொற்களை எழுதச் சொன்னார். தயக்கம் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை அவன் பிழையாக எழுதினான். பார்னெல் எழுதியதாகக் காட்டப்பட்ட கடிதமொன்றிலும் அதே சொல்லில் அதே எழுத்துப் பிழைத்திருந்தது. ஓர் எழுத்தால் பொய் உடைந்தது. பிகொற் நாட்டைவிட்டோடி, மட்ரிட் நகரத்தில் தன்னைத் தானே சுட்டு மாண்டான். பார்னெல் சபைக்குள் நுழைந்தபோது எதிர்க்கட்சியினர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். புகையை நெருப்பில்லாமலே உண்டாக்கத் தெரிந்தவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பது இந்தச் சம்பவத்தின் பாடம்.

அந்த ஆரவாரம் அடங்கி ஓராண்டு செல்லுமுன் இரண்டாவது குற்றச்சாட்டு எழுந்தது. 1889 டிசெம்பரில் கப்டன் ஓஷே என்பவர் தம் மனைவி கதரினுக்கு எதிராக விவாகரத்து வழக்குத் தொடுத்து, பார்னெலையும் அதிற் பிரதிவாதியாக்கினார். குற்றச்சாட்டு உண்மை. கணவரைப் பெரும்பாலும் பிரிந்து வாழ்ந்த கதரினும் பார்னெலும் 1880 முதல் நெருங்கியிருந்தனர். அவர்களுக்கு மூன்று பெண்மக்கள் பிறந்தனர். முதற் குழந்தை 1882இல், சில வாரங்களில் இறந்தது. விவாகரத்துக் கிடைத்தால் தாம் கதரினை மணக்கலாம் என்பது பார்னெலின் விருப்பம். ஆதலால் அவர் வழக்கை எதிர்க்கவில்லை.

சட்டம் கற்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எதிர்க்கப்படாத வழக்கு என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறுக்கு விசாரணை இல்லை. ஒரு பக்கம் சொன்னதே பதிவாகும். ஓஷே எவ்வாறு நடந்துகொண்டார், எவ்வளவு காலமாக எல்லாம் தெரிந்தும் மௌனமாயிருந்தார் என்பன விசாரிக்கப்படவில்லை. கணவர் வந்ததும் பார்னெல் தீயணைப்பு ஏணி வழியாக இறங்கி ஓடி, பின்பு முன்வாயிலில் வந்து நின்றாரென்று ஒரு வேலைக்காரி சொன்ன கதை எவ்விதச் சோதனையுமின்றிப் பத்திரிகைகளில் ஏறியது. நாடு முழுவதும் அந்த ஏணியைச் சொல்லிச் சிரித்தது. ஆக, உறவு உண்மை. ஏணி சோதிக்கப்படாத கதை. மக்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டனர். 1890 நவம்பர் 17ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

பின்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வேன். பார்னெலோடு கூட்டுச் சேர்ந்தால் தமது கட்சிக்கு வாக்கு விழாது என்பதைக் கிளாட்ஸ்டன் கடிதமூலம் தெரிவித்தார். அயர்லாந்துக் கத்தோலிக்க மேற்றிராணிமாரும் அவருக்கு எதிராக அறிக்கை விட்டனர். டிசெம்பர் முதல் வாரத்தில், பாராளுமன்றக் கட்டடத்தின் 15ஆம் இலக்க அறையில், அயர்லாந்துக் கட்சி நாட்கணக்காகத் தன் தலைவரைப் பற்றி வாதிட்டது. இறுதியில் பெரும்பான்மையோர் எழுந்து வெளியேறினர். அதன் பின் மூன்று இடைத்தேர்தல்களில் பார்னெலின் ஆட்கள் தோற்றனர். 1891 ஜூனில் அவர் கதரினை மணந்தார். அக்டோபர் 6ஆம் தேதி, தமது 45ஆவது வயதில், அவர் உயிர் பிரிந்தது. கட்சி மீண்டும் ஒன்றாவதற்கு 1900 வரை சென்றது. இடையில், 1893இல், சுயாட்சி மசோதா பிரபுக்கள் சபையில் வீழ்ந்தபோது, பிளவுண்ட அயர்லாந்துக் கட்சியால் நாட்டை ஒரே குரலில் எழுப்ப முடியவில்லை.

அன்பர்களே! இப்பொழுது தராசைக் கையில் எடுப்போம். ஒரு மனிதரின் அந்தரங்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு நம் முன் வந்தால், மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதற் கேள்வி: இது சோதிக்கப்பட்ட சான்றா? சொன்னவன் பகைவனா நண்பனா என்பது இக்கேள்விக்கு விடையாகாது. பிகொற் கூலிக்குப் பொய் எழுதியவன். ஆனால் அமெரிக்காவில் 1802இல் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன்மீது குற்றம் சாட்டிய கலெண்டர் என்னும் பத்திரிகையாளனும், தான் கேட்ட பதவி கிடைக்காத வன்மத்தோடு எழுதியவனே. தமது அடிமையான சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணிடம் ஜெபர்சன் பிள்ளைகள் பெற்றார் என்று அவன் எழுதினான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, "வன்மக்காரனின் அவதூறு" என்று அறிஞர் பலர் அதை ஒதுக்கினர். அந்தப் பெண்ணின் வழித்தோன்றல்கள் தம் குடும்பத்தில் வழங்கிவந்த உண்மையைச் சொன்னபோதும் செவிசாய்ப்பார் குறைவு. 1998இல் நடந்த மரபணுச் சோதனைக்குப் பின்னரே பெரும்பாலான வரலாற்றாசிரியர் அதை ஏற்றுக்கொண்டனர். பகைவனும் சிலவேளை மெய் சொல்வான். ஆதலால், வாயைப் பாராதீர்கள், சான்றைப் பாருங்கள்.

இரண்டாம் கேள்வி: இதனால் தீங்குற்றவர் யார்? அவரால் மறுத்திருக்க முடியுமா? ஜெபர்சனின் செயலை வெறும் காமக் கதையாகச் சொல்வோர் அதன் கொடுமையை மறைக்கின்றனர். ஹெமிங்ஸ் அவருடைய உடைமை. பாரிஸ் நகரத்தில் அவர் வீட்டுக்கு அவள் வந்தபோது பதினான்கு வயதுச் சிறுமி. மறுக்கச் சட்டம் அவளுக்கு உரிமை தரவில்லை. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று தம் நாட்டின் பிரகடனத்தில் எழுதிய அதே கை, இன்னொரு மனித உயிரைச் சொத்தாக வைத்திருந்தது. இது அந்தரங்கமன்று, அவர் பொதுவாழ்வின் நடுப்பகுதியிலேயே கிடக்கும் குற்றம். கதரினோ பார்னெலை ஒத்த வயதினர். தாமே விரும்பித் துணை நின்றவர். இவ்விரண்டையும் "பெண் விவகாரம்" என்னும் ஒரே பெயரால் அழைப்பது தராசுத் தட்டில் கல்லையும் நெல்லையும் ஒன்றாக அள்ளிப் போடுவதாகும்.

இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. தலைவரை வீழ்த்த வீசிய சேறு யார்மீது அதிகம் விழுந்தது? கதரினை அவருடைய உற்றார் ஒருபோதும் 'கிற்றி' என்று அழைத்ததில்லை. அக்காலத்தில் இழிபொருளும் தந்த அப்பெயரை எதிரிகள் சூட்டினார்கள். இன்றும் பலர் அவரை அப்பெயராலேயே அறிவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் அந்த வாய் ஆணைக் கடித்துவிட்டுப் பெண்ணை விழுங்கும் இயல்புடையது.

மூன்றாம் கேள்வி: இந்த அந்தரங்கம் பொது நம்பிக்கையைத் தொட்டதா? பார்னெலின் உண்மையான குற்றம் இங்கேதான் இருக்கிறது. 1886 பெப்ரவரியில் கோல்வே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அங்கே கட்சி வேட்பாளராகக் கப்டன் ஓஷேயை ஏற்கும்படி பார்னெல் வற்புறுத்தினார். ஓஷே கட்சியின் உறுதிமொழியை எடுக்க மறுத்தவர். ஹீலி, பிகர் என்னும் தோழர்கள் இருவர் நேரிற் சென்று எதிர்த்தனர். பார்னெல் தாமே கோல்வேக்கு விரைந்து, தமது செல்வாக்கு முழுவதையும் பிரயோகித்து ஓஷேயை வெல்லச் செய்தார். நான்கு மாதங்களின் பின் சுயாட்சி மசோதா வாக்கெடுப்புக்கு வந்த இரவில் அந்த ஓஷே வாக்களியாமல் ஒதுங்கிக்கொண்டார்! பார்னெல் ஏன் அவ்வாறு செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். கதரினின் கணவர் வாயை மூடவே என்பார் பலர். ஆங்கில அரசியல்வாதிகளோடு தூது செல்ல ஓஷே பயன்பட்டார் என்பார் சிலர். காரணத்தில் வாதமுண்டு, செயலில் வாதமில்லை. மக்களுக்குரிய ஆசனத்தை, மக்களிடம் சொல்லமுடியாத ஒருவருக்கு, மக்களிடம் சொல்லமுடியாத முறையில் கொடுத்தார். காதல் அவர் சொந்தம். கோல்வே அவர் சொந்தமன்று.

இன்னொன்றும் உண்டு. வழக்கு வந்தபோது தாம் களங்கமின்றி வெளிவருவேன் என்று டேவிற்றிடம் அவர் உறுதி சொன்னார். அந்தச் சொல்லை நம்பி டேவிற் அவருக்காகப் பேசினார். தீர்ப்பு வந்ததும் பார்னெல் ஒதுங்கவேண்டுமென்று முன்னணியில் நின்று கேட்டவரும் அவரே. உறவை மறைத்தது மன்னிக்கக்கூடியது. தம் வார்த்தையைப் பிணையாக வைத்துப் போராடிய தோழனை ஏமாற்றியது அவ்வளவு எளிதில் மன்னிக்கத்தக்கதன்று. தீர்ப்பின் பின் சில காலம் ஒதுங்கியிருந்தால் கட்சியும் பிழைத்திருக்கும், அவரும் பிழைத்திருக்கலாம். "நான் இல்லையேல் கட்சி இல்லை" என்று நின்றார். நானே நாடு என்னும் எண்ணம் தலைவனின் நோய். அவனே நாடு என்னும் எண்ணம் தொண்டனின் நோய். அயர்லாந்தில் இரண்டு நோயும் ஒரே காலத்தில் முற்றின.

எதிர்த்தவர்களையும் அதே தராசில் நிறுப்போம். பார்னெலுக்கும் கதரினுக்கும் உள்ள உறவு 1882ஆம் ஆண்டிலேயே கிளாட்ஸ்டனின் மந்திரிசபையில் ஒருவர் வாயிலாகச் சொல்லப்பட்டது. அதன் பின்னும் பார்னெலுக்குச் செய்தி அனுப்பக் கதரினின் கையையே கிளாட்ஸ்டன் பயன்படுத்தினார். தூது செல்ல உதவியபோது தெரியாத பாவம், வாக்குக் குறையும்போது தெரிந்தது. கோல்வேயில் ஹீலி கேட்ட கேள்வி நேர்மையானது. அதை அப்போதே மக்கள் முன் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் 1890இல் அவர் அப்பெண்ணைச் சுட்டி வீசிய ஏளனச் சொற்களால் எந்தக் கமக்காரனுக்கும் ஒரு முழம் நிலமும் கிடைக்கவில்லை.

பெரியோர்களே! இக்கதையை வேறு நாட்டுக் கதையென்று கேட்டுவிட்டு வீடு செல்லலாம். ஆனால் பத்திரிகை வாசிக்கும் நாமும், மேடையேறிப் பேசும் நாமும் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பார்னெலை நிறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். எதிர்க்கட்சிக்காரரைப் பற்றிய வதந்தியை ஆதாரம் கேளாமல் பரப்புகிறோம். நம்மவரைப் பற்றிய ஆதாரத்தை வதந்தி என்கிறோம். வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி வைத்திருக்கும் வியாபாரியிடம் நெல்லை அளக்கக் கொடுக்க மாட்டீர்கள். அப்படியானால், அத்தகைய மனத்திடம் ஒரு மனிதரின் பெயரை எவ்வாறு அளக்கக் கொடுப்பது?

பார்னெலை நான் எவ்வாறு அளப்பேன் என்று நீங்கள் கேட்கலாம். அவர் காதலை நான் தட்டில் வைக்கமாட்டேன். கோல்வேயை வைப்பேன், டேவிற்றிடம் சொன்ன பொய்யை வைப்பேன், ஒதுங்க மறுத்த பிடிவாதத்தை வைப்பேன். அவை பாரமானவை. மறு தட்டில், தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்து நின்ற கமக்காரனைக் கையோங்காமலே பிரபுவின் முன் நிமிர்ந்து நிற்கச் செய்ததை வைப்பேன். பார்னெல் விழுந்தபின்னும் 1881ஆம் ஆண்டுச் சட்டம் விழவில்லை. 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அரசாங்கக் கடனுதவியோடு குத்தகைக்காரர் இலட்சக்கணக்கில் தாம் உழுத நிலத்துக்கே சொந்தக்காரராயினர். அந்தத் தட்டு தாழ்ந்தே நிற்கிறது. ஆனால், மற்றத் தட்டை மறைத்துவிட்டு இதைக் காட்டமாட்டேன். இரண்டையும் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குற்றமில்லாத தலைவனைத் தேடி அவர்கள் காலத்தை வீணாக்கமாட்டார்கள். குற்றம் செய்த தலைவனிடம் அது பற்றிக் கேட்கவும் அஞ்சமாட்டார்கள்.